கதவடி ஓய்வு

அந்த வீட்டு மூத்த மருமகளுக்குக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குவது தொழில். கேரட்டைக் காட்டிப் பழக்குவது அவளுக்குப் பிடிக்காது. சொன்னதைக் குதிரை சரியாகச் செய்தால், கடிவாள வாரைத் தளர்த்திச் சற்று நேரம் சும்மா நிற்க விடுவாள். குதிரைக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது என்பாள்.

செம்பன் அப்படிப் பழகிய குதிரை. ஒருநாள் அவள் ஓரகத்தி, வீட்டின் இளைய மருமகள், ஆசையோடு அதில் ஏறி மைதானத்தைச் சுற்றினாள். மைதானத்தின் கதவுப் பக்கம் வந்ததும் செம்பன் சட்டென்று திரும்பி ஓடி, கதவடியில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டது. ஓரகத்தி அதன் தலைக்கு மேலாகப் போய் விழுந்தாள். தோள் எலும்பு முறிந்தது.

அவள் கணவன், மூத்தவளின் கொழுந்தன், கொதித்துப்போனான். "திமிரு பிடிச்ச குதிர, அண்ணி. மொதல்ல அத வித்துத் தொலைங்க."

"பாக்கலாம்" என்றாள் மூத்தவள். செம்பன் அங்கே ஓடி நின்ற காரணம் அவளுக்குத் தெரியும். பழக்கும்போது கைப்பேசி அடித்தால், வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் குதிரையைக் கதவடிக்கு ஓட்டி வருவாள். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். வாரைத் தொங்கவிட்டு, பேசி முடிக்கும்வரை அங்கேயே நிற்பாள். குதிரைக்கு ஃபோனைத் தெரியுமா? கதவடிக்கு வந்தால் ஓய்வு என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

ஓரகத்திக்கு அவளே சோறு ஊட்டினாள், தலை வாரினாள். "எங்கம்மாகூட இவ்வளவு செஞ்சதில்லக்கா" என்று இளையவள் சொன்னபோது நெஞ்சில் முள் தைத்தது.

குதிரையை வாங்க ஆள் வருவதாகக் கொழுந்தன் சொன்ன அன்று, இளையவளுக்குத் தலை வாரிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"செம்பன் மேல தப்பில்லம்மா. ஃபோன் பேசறதுக்காக அத அங்க நிறுத்தி நிறுத்தி, நாந்தான் கெடுத்துட்டேன்."

இளையவள் திரும்பவில்லை. "எல்லாரும் அதத் திட்டினப்போ நீங்களும் கேட்டுட்டுதான இருந்தீங்க?"

"ஆமா."

"சீப்பக் குடுங்கக்கா." ஒற்றைக் கையால் தானே வாரிக்கொண்டாள்.

மூத்தவள் கொழுந்தனிடமும் சொன்னாள். அவன் எழுந்து போனான். வாங்க வந்தவரை அவளே திருப்பி அனுப்பினாள்.

பிறகு செம்பனைக் கதவடியில் வேலை வாங்கி, எதிர் மூலையில் ஓய்வு கொடுத்தாள். மெல்ல மெல்ல அது கதவை மறந்தது. கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

தோள் தேறியபின் ஓரகத்தி பழையபடி சிரித்துப் பேசினாள். மைதானத்துப் பக்கம் மட்டும் வரவில்லை. வா என்று கூப்பிட மூத்தவளுக்கு முகமில்லை.