நாற்பத்தேழாம் பக்கத்து விடை

தெஹியோவிட்ட பஸாரில் கைமாறும் படிப்புப் புத்தகங்களில் பாதி பழனியப்பன் கடையில் பிறந்தவை. அவற்றுக்குப் பிரசவம் பார்ப்பவள் ஜீவராணி. ஆறு வருடமாகப் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். வகுப்பில் கொடுக்கும் எந்த டியூட் குறிப்பு எதிலிருந்து திருடப்பட்டது, எந்த மாஸ்டர் யாருடைய பெயரை டிப்பெக்ஸால் அழித்துத் தன் பெயரை எழுதிக்கொண்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதனால் படிப்புப் புத்தகம் என்றாலே அவளுக்கு ஓர் இளக்காரம்.

இப்போது அவளே ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது.

அவிசாவளைப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் நெட்வேர்க் உதவியாளர் வேலை. நேர்முகத்தில், அங்கே ஆள் எடுக்கும் டிலானி மிஸ் சிங்களத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: மாத முடிவுக்குள் நெட்வேர்க்கிங் சான்றிதழ்ப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், தொழிற்சாலையே ஒரு தடவை கொழும்புக்கு அனுப்பும், தவறினால் பட்டியலில் அடுத்த ஆள். ஜீவராணி படித்தது தமிழில், நேர்முகத்தில் பேசியது சிங்களத்தில், பரீட்சை வரப்போவது இங்கிலீஷில். கையில் இருந்தது இருபத்துநாலு நாள்.

இதற்கு ஒரே ஒரு புத்தகந்தான் உண்டு என்பது ஊரின் முடிவு. பேக்கரிக்கு மேல்மாடியில் நெட்வேர்க் வகுப்பு நடத்தும் விதுர்ஷன் சேரின் நூல் அது. அட்டையில் பூமி உருண்டை, அதைச் சுற்றி மின்னல், கீழே கொட்டை எழுத்தில் 'பாஸ் பேப்பர் 600'. பாஸ்ட் பேப்பரில் இருந்த 'ட்' எங்கே போனது என்று அவள் ஒருமுறை கேட்டாள். "பாஸாகத்தானே தங்கச்சி படிக்கிறாங்க?" என்று சேர் சிரித்தார்.

பாஸ்ட் பேப்பர் என்றால் பழைய வினாத்தாள்; இந்தப் பரீட்சைக்கு அப்படி ஒன்றே கிடையாது. நடத்துகிறவர்கள் கேள்விகளை வெளியே விடுவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து ஓ.எல்.லையும் ஏ.எல்.லையும் பழைய வினாத்தாள் செய்து செய்தே தாண்டிய சனத்துக்கு, அப்படி ஒரு பரீட்சை உலகத்தில் இருக்கும் என்று நம்ப மனம் வருவதில்லை. அந்த மனத்தைத்தான் சேர் ஸ்பைரல் போட்டு விற்றார்.

கோகிலா அவளுடைய தோட்டம், அதே லயத்து வீட்டு வரிசை. சேரின் வகுப்பில் முன் வாங்கில் உட்காருபவள். காலை பஸ்ஸில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தாள்.

"என்னாடி, தேவாரமா?"

"முந்நூறு வரைக்கும் பாடம். கேளு பாப்பம்."

"டிஎன்எஸ்னா என்னா?"

"கேள்வி நம்பரச் சொல்லு."

"நம்பர் தெரியாது. அது என்னா வேல செய்யுதுன்னு சொல்லு."

"நம்பர் இல்லாம எப்படிச் சொல்றது? நூத்திப் பதினொண்ணா இருந்தா பி." கோகிலா பக்கத்தைப் புரட்டினாள். "நீயும் வந்து சேந்துரு. ஊரே இதத்தான் படிக்குது. ஒனக்கு மட்டும் தனி ரோட்டா?"

பயம் ஆளை எங்கெல்லாமோ தள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீவராணியும் பேக்கரிக்கு மேலே, கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். மேசைமேல் ரவுட்டர் ஒன்று இருந்தது. அதற்கு வயர் இல்லை; மேலே பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள்.

சேர் நாற்பத்தேழாம் பக்கத்தின் மூன்றாம் கேள்வியை வாசித்தார். பெரிய நெட்வேர்க் ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரிக்கும்போது, இருபத்தேழு பிட் துண்டு ஒன்றில் எத்தனை கருவிகளுக்கு முகவரி கொடுக்கலாம்? ஏ பதினாலு, பி முப்பது, சி அறுபத்திரண்டு, டி நூற்றிருபத்தாறு. எதிர்ப்பக்கத்தில் விடை அச்சாகியிருந்தது: சி.

கடையில் வீணாகும் தாள்களின் பின்பக்கத்தில் ஜீவராணி இந்தக் கணக்கைப் பலமுறை போட்டிருந்தாள். அந்தத் துண்டில் முப்பத்திரண்டு முகவரி; அதில் இரண்டு கழியும். அவ்வளவுதான்.

"சேர், முப்பதுதானேங்க வரும்?"

சேர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி," என்றார். மாஸ்டர் ஒருவர் அப்படிச் சொன்னால் அவருக்கு விடை தெரியாது என்று பொருள். "கணக்குப்படி முப்பதுதான். ஆனா கேபிள்ல போறதும் இருக்கு, வர்றதும் இருக்கு. ரெண்டு பக்கமும் பாக்கணும். முப்பதும் முப்பதும் அறுபது. மிச்சம் ரெண்டு, ரவுட்டருக்கு."

இருபது பேனாக்கள் ஒன்றாகக் குனிந்தன. 'மிச்சம் ரெண்டு ரவுட்டருக்கு' என்று கோகிலா எழுதி, அடியில் சிவப்பில் கோடும் இழுத்தாள்.

மறுநாள் கடை திறந்ததும் ஜீவராணி அலுமாரியிலிருந்து சேரின் மூலப் பிரதியை எடுத்தாள். புத்தகம் தடிக்க வேண்டும் என்பதற்காகச் சேர் ஒரு வேலை செய்திருந்தார்: இடப்பக்கம் ஐந்து கேள்வி, வலப்பக்கம் முழுத்தாளில் ஐந்தே ஐந்து எழுத்து. கேள்விகள் ஒரு கட்டு, விடைகள் ஒரு கட்டு. விடைத்தாள்களுக்குப் பக்க எண்கூடக் கிடையாது. விடைக்கட்டை எண்ணினாள். நூற்றுப்பத்தொன்பது. நூற்றிருபது இருக்க வேண்டும்.

நாற்பத்தேழாவது தாள் மற்றதைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருந்தது. சூடான ரொட்டியைப் பிரிப்பது போல் நகத்தால் பிரித்தாள். இரண்டு தாள். இந்தப் பக்கத்து மழையில் கடதாசி ஈரம் குடித்து ஒட்டிக்கொள்வது புதிதல்ல; பிரித்து விசிறிவிட்டுத்தான் மெஷினில் வைக்க வேண்டும். போன வருடம் அவசரத்தில் அவள் விசிறவில்லை. மெஷின் இரண்டையும் ஒன்றாக விழுங்கியிருக்கிறது. அதோடு நாற்பத்தேழாம் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்த பக்கத்து விடை.

பிழை தன்னுடையதுதான். அடுத்த நிமிடம் அதைவிடப் பெரிய ஒன்று உறைத்தது. ஒரு வருடம். அறுபது புத்தகம். கடைசிக் கேள்விப் பக்கத்துக்கு எதிரே வெறுந்தாள். ஒருவர்கூடக் கேட்கவில்லை. சேரின் மாதிரிப் பரீட்சையும் இதே விடைகளை வைத்துத்தான் திருத்தப்பட்டது. அதில் தொண்ணூற்றாறு எடுத்த கோகிலாவுக்குக் கேடயம் கொடுத்தார்கள். கொழும்புக்குப் போய் உண்மைப் பரீட்சை எழுதிய நாலு பேரும் தவறியபோது சேர் சொன்ன காரணம்: "அவனுங்க கேள்விய மாத்திட்டானுங்க."

பழனியப்பன் கல்லாவுக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, சேரோட புத்தகத்துல ஒரு தாள் விட்டுப்போச்சுங்க. நான்தான் விட்டேன். பாதிக்கு மேல எல்லா விடையும் பொய்."

"யாராச்சும் வந்து கேட்டாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப நீ ஏன் கேக்குற புள்ள?"

பத்து மணிக்கு, புதிய வகுப்புக்கு இன்னும் அறுபது பிரதி சொல்லிவிட்டுப் போகச் சேரே வந்தார். ஜீவராணி ஒட்டியிருந்த இரண்டு தாளையும் காட்டினாள். அவர் தாளைப் பார்க்கவில்லை. கடையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"ஒரு வருஷமா இந்தப் புத்தகத்துல ஒரு பிழ வந்ததில்ல தங்கச்சி."

"பிழ ஒரு வருஷமா இருக்குங்க சேர்."

"பாடமாக்கின புள்ளைங்க மனச இப்ப போய்க் கொழப்புறதா?"

"சரிங்க. ரவுட்டருக்குன்னு சொன்ன அந்த மிச்சம் ரெண்டு எங்கேருந்துங்க வந்துச்சு?"

சேர் குரலைத் தாழ்த்தினார். "புள்ளைங்க கேட்டா ஒரு வெளக்கம் குடுக்கணும். குடுக்கலேன்னா நான் என்னா மாஸ்டர்?"

அவர் வாயிலிருந்து அவள் கேட்ட ஒரே உண்மையான விளக்கம் அதுதான்.

அறுபது பிரதியையும் அவள் விடுபட்ட தாளைச் சேர்த்தே அடித்தாள். சேர் கவனிக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்; கவனிக்கவுமில்லை. சரியான விடைகளுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஒரு பிரதியைக் கோகிலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். கோகிலா தொடவில்லை.

"நாநூறு வரைக்கும் பாடமாக்கிட்டேன். இப்ப மறக்கச் சொல்றியா? ஒனக்கு என் கேடயம் கண்ணக் குத்துது."

இனி இருந்தது பத்தொன்பது நாள். அவிசாவளைப் பழைய புத்தகக் கடையில் செங்கல் கனத்தில் ஓர் இங்கிலீஷ் புத்தகம் பார்த்தாள்; அதில் பாதி, இப்போது யாரும் பாவிக்காத கருவிகளைப் பற்றியது. வைத்துவிட்டு வந்தாள். கடைசியில், பரீட்சை நடத்துகிறவர்களே இணையத்தில் சும்மா போட்டிருந்த தலைப்புப் பட்டியலை இறக்கினாள். ஆறு பக்கம். அட்டை இல்லை, பூமி உருண்டை இல்லை, மின்னல் இல்லை. என்னென்ன கேட்போம் என்று கேட்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இந்த ஊரில் ஒருவரும் கொப்பி அடிக்கக் கொண்டுவந்ததில்லை. மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். ஒரு தலைப்புக்கு ஒரு சிங்கள வீடியோ, கடைக் கொம்பியூட்டரில் இலவசப் பயிற்சி மென்பொருள், மூலையில் கிடந்த பழைய ரவுட்டர் ஒன்று, அதற்கு வயர். விளங்கியதைக் கோடிட்டு வெட்டினாள். விளங்காததை வெட்டவில்லை. பதினெட்டாம் நாள் வெட்டாமல் இரண்டு வரி மிஞ்சியிருந்தன.

கொழும்பில் குளிரூட்டிய அறை. பன்னிரண்டாம் கேள்வியில் இருபத்தெட்டு பிட் துண்டு வந்தது. பதினாலு. மிச்சம் ரெண்டு ரவுட்டருக்கு என்று நினைவு வந்ததும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். முடிவு திரையிலேயே வந்தது. சித்தி.

டிலானி மிஸ் முதலாம் திகதி வரச் சொன்னார். கடையில் அவளுடைய கடைசி நாளில் சேர் ஒரு துண்டுப்பிரசுரத்தின் மூலத்தோடு வந்தார். நடுவில் ஜீவராணியின் படம், முகநூலில் இருந்து எடுத்தது. கீழே: 'எமது நூலைப் படித்துச் சித்தியடைந்த செல்வி ஜீவராணி.'

"முந்நூறு அடிங்க தங்கச்சி. ஒங்களுக்கும் பேருதானே."

"எத்தன பக்கம் படிச்சேன்னு தெரியுமாங்க சேர்?"

"நம்ம வகுப்புல ஒக்காந்தீங்கதானே?" சேர் பேக்கரிப் பக்கம் போனார்.

ஜீவராணி டிப்பெக்ஸ் போத்தலை எடுத்தாள். 'படித்து' மறைந்தது. முன்னால் நின்ற 'ப்'பையும் விடவில்லை. காயும்வரை ஊதினாள். அதன்மேல் அச்செழுத்துப் போலவே எழுதினாள்: எமது நூலைத் திருத்திச் சித்தியடைந்த. தாளை விசிறி, மெஷினில் வைத்தாள்.

சேர் வந்து மேல் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"போட்டோ கொஞ்சம் கறுத்துப்போச்சே."

"மெஷின் அப்படித்தானுங்க சேர்."

முதலாம் திகதி காலை அந்தத் துண்டுப்பிரசுரம், அவள் எழுதிய 'திருத்தி' அப்படியே இருக்க, பஸ் தரிப்பிடச் சுவரில், மின்கம்பத்தில், பேக்கரிக் கண்ணாடியில் எல்லாம் ஒட்டியிருந்தது. கோகிலா சுவருக்கு முன்னால் நின்றாள். ஜீவராணி பக்கத்தில் போய் நின்றதைப் பார்த்ததும், வேண்டுமென்றே சத்தமாக வாசித்தாள்.

"எமது நூலைப் படித்துச் சித்தியடைந்த செல்வி ஜீவராணி. பாத்தியா? கடைசியில சேரோட புத்தகந்தான்."

"இன்னொருக்கா வாசி."

கோகிலா இன்னொருக்கா, இன்னும் சத்தமாக, அதையே வாசித்தாள்.

அவிசாவளை பஸ் வந்தது. ஜீவராணி ஏறினாள்.