பதினொன்று இருபதுக்குப் பிறகு

“அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்த அந்தப் பெண், செருப்பைக் கழற்றுவதற்குள் எங்கள் அறையைக் கண்ணால் அளந்து முடித்துவிட்டாள். மூன்று வருடமாக அம்மா அவள் வீட்டுக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் எங்கள் வீட்டுக்கு வருவது இதுதான் முதல் முறை. அம்மாவின் வலது கை முழுக்க மாவுக்கட்டு. முழங்கையில் இரண்டு முறிவு, உள்ளே தகடும் திருகும். அப்படியும் எழுந்து நிற்கப் பார்த்தாள். நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன்.

“எழுந்திரிக்காதீங்கக்கா. வாலு தினமும் கேக்கறா, ஆயா எங்கன்னு.”

“சாப்பிடறாளா?”

“எங்க? ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பஞ்சாயத்து.”

“கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு ஊட்டணும். அப்பதான் வாயத் திறப்பா.” அம்மா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குளிப்பாட்டிய குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுப் படியில் இறங்கும்போது அம்மாவுக்குக் கால் வழுக்கியிருக்கிறது. விழும்போதே உடம்பைத் திருப்பிக் குழந்தையை மேலே போட்டுக்கொண்டாள். அத்தனை எடையும் அந்த ஒரு முழங்கையில் இறங்கியது. இனி பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். குழந்தை என்பது பாரம்தான்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். அவர்கள் வீட்டுக் காப்பீட்டுக்கானது. காயம்பட்டவர் யார் என்ற கட்டத்தில் பென்சிலால் ‘விருந்தினர்’ என்று லேசாக எழுதி, அடியில் கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறி. நான் வேறொரு காப்பீட்டு நிறுவனத்தில்தான் வேலை செய்கிறேன். நாள் முழுக்க இந்தக் கட்டங்களைத்தான் படிக்கிறேன். வீட்டுக்கு வந்துபோகிறவர் விழுந்தால் காப்பீடு உண்டு. சம்பளத்துக்கு வைத்த ஆள் விழுந்தால், அவரை முன்கூட்டியே பதிவு செய்து தனியாகக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். இவர்கள் எடுக்கவில்லை.

“விருந்தாளியா? காலைல ஏழு மணிக்கு வந்து பீத்துணி அலசிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குப் போற விருந்தாளிய நான் எங்கயும் பாத்ததில்ல” என்றேன்.

“கோபப்படாதம்மா. வேலையாள்னு போட்டா எதுவும் வராது. ஏன் பதிவு பண்ணலைன்னு எங்க மேலதான் கேஸ் வரும். இப்படிப் போட்டா ஆஸ்பத்திரி செலவு முழுசும் வந்துரும். இதுல யாருக்கு நஷ்டம்?”

“அம்மாவுக்கு. வேலை செஞ்சவங்களுக்குத்தான் கை போனதுக்கு நஷ்ட ஈடு கேக்கற உரிமை. விருந்தாளி நாளைக்கு வந்து கேட்டா, நீ யாருன்னு கேப்பாங்க.”

“நான் கேப்பேனா? எங்க வீட்டு ஆளா நினைச்சுத்தானே வெச்சிருந்தோம். தெரிஞ்ச வீட்ல எல்லாம் இப்படித்தான் இருக்கு. யாரு போய்ப் பதிவு பண்றா?”

அவள் கெட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கூடவே இருந்தாள். அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடமும் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரி விண்ணப்பத்திலும் சரி, வேலைக்கான விண்ணப்பத்திலும் சரி, தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றுதான் எழுதினேன். யாருடைய இல்லம் என்று எவரும் கேட்கவில்லை.

“அப்புறம் அக்கா, அந்த நோட்டு உங்க பையோட வந்துருச்சு போல. குழந்தை ஞாபகமா வெச்சுக்கலாம்னு...” அவள் அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா எத்தனை மணிக்கு வந்தாள், எப்போது பால், எப்போது தூக்கம் என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னது அவள்தான். நிரம்பிய நோட்டுகளெல்லாம் அவள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. வெளியில் இருப்பது இது ஒன்றுதான். எந்த விருந்தாளியும் இப்படித் தினமும் தன் கைப்பட எழுதி வைத்திருக்க மாட்டாள்.

“பேனா இருக்கா?” என்றாள் அம்மா.

அவள் மூடியைக் கழற்றியே கொடுத்தாள்.

“அம்மா, வேணாம்மா.”

“நீ அந்த நோட்ட எடு.”

எடுத்துக் கொடுத்தேன். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்து, நோட்டு நகராதபடி கட்டுப்போட்ட கையை அதன் மேல் கனமாக வைத்துக்கொண்டாள். ‘11.20 குளியல். கண்ணில் சோப்பு. அழுகை.’ அதற்குக் கீழே வெறும் கோடுகள். அம்மா இடது கையில் பேனாவைப் பிடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்தன.

‘11.40 விழுந்தேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை.’

பிறகு எழுதியது என்று பார்த்த உடனே தெரியும். எங்கள் அலுவலகத்தில் இந்த வரியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் அதைச் சொல்லவில்லை. கையெழுத்து விழாத படிவம் அந்தப் பெண்ணின் மடியில் இருந்தது. அவள் பேனாவைத் திருப்பிக் கேட்கவில்லை. அம்மா குனிந்து, ஈரம் காயாத அந்த வரியின் மேல், பால் சூடு ஆற்றுகிறவளைப் போல மெதுவாக ஊதினாள்.