எழுபத்தாறாம் நம்பர் ஷட்டில்

எங்கள் ஊரில் பேட்மிண்டன் ஆட எழுபத்தாறைத் தவிர வேறு நம்பர் ஷட்டில் வாங்கிய கிறுக்கன் கிடையாது. வெயிலுக்கு ஷட்டில் பிய்த்துக்கொண்டு பறக்கும். வேகம் குறைந்த எழுபத்தாறுதான் கோட்டுக்குள் விழும். குளிர்ந்தால் வேகம் கூடிய எழுபத்தேழு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? கோவில்பட்டியில் என்னத்தைக் குளிரப்போகிறது என்ற தெனாவட்டு. கிளப்புக்கு ஷட்டில் வாங்குவது நான்தான்.

மாவட்ட இறுதிப்போட்டி அன்று விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. கரிசக்காடு முழுக்க சந்தோஷம். ஆட்டத்துக்கு நான் வாங்கி வைத்திருந்ததெல்லாம் எழுபத்தாறு.

ஜெயிக்கிறவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம். தோற்றால் எங்கள் கிளப் பிள்ளை பொன்மணியைப் புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் அப்பா கருத்தையா சொல்லியிருந்தார். ஆடு மேய்க்கிற மனுஷன், சொன்னால் சொன்னதுதான்.

நடுவர் வன்னியபெருமாள் ஷட்டிலைச் சோதித்துக் காட்டச் சொன்னார். ஒரு பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்தால், எதிர்ப் பின்கோட்டுக்கு முன்னால் உள்ள இரண்டு குறிகளுக்கு நடுவே விழவேண்டும். நான் அடித்தது குறிகளுக்கு ஒரு முழம் முன்னாலேயே விழுந்தது. அத்தனை பேர் முன்னால் அசிங்கப்படப் பயந்து, கை வழுக்கிவிட்டது என்று புளுகினேன். அடுத்ததை வெறிகொண்டு அடித்தேன். சரியாக விழுந்தது. அவரும் தலையாட்டிவிட்டார்.

பின்கோட்டுக்குத் தள்ளித் தள்ளி எதிராளியை ஓடவிடுவதுதான் பொன்மணியின் ஆட்டம். அன்று அவள் தூக்கியதெல்லாம் நடுவிலேயே இறங்க, தூத்துக்குடிப் பெண் நின்ற இடத்தில் நின்று ஸ்மாஷ் அடித்தாள். முதல் செட் போயிற்று. இரண்டாவதில் பதினொன்றுக்கு நாலு. இடைவேளையில் தண்ணீர் கொடுக்கப் போனேன். பாட்டிலை வாங்கிக்கொண்டு பொன்மணி சொன்னாள்:

“அண்ணாச்சி, எங் கைக்கு என்னமோ ஆயிட்டு. எவ்வளவு ஓங்கி அடிச்சாலும் போக மாட்டேங்கு. பயமா இருக்கு.”

நேரே நடுவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். எல்லோர் முன்னாலும் மறுபடி அடிக்கவைத்துப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து எழுபத்தேழை எடுத்தார். போன புள்ளி போனதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

“காலையிலேயே தெரியுமா அண்ணாச்சி?” என்றாள் பொன்மணி.

புது ஷட்டிலில் அவள் தூக்கிய முதல் அடியே பின்கோட்டில் இறங்கியது. விடாமல் துரத்தினாள். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பதில் தோற்றாள்.

வாசலில் கருத்தையா நனைந்துகொண்டு நின்றார். நாளைக்குப் புதியம்புத்தூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம்தான் கேட்டார்.