சொந்தக் கட்சி தோற்கும் என்று ஒரு மூட்டை சீரகச் சம்பா

1

இந்தக் கதை எனக்கு ஒரு வேட்டிக்கடையில் கிடைத்தது. குத்தாலம் கடைத்தெருவில் என் அப்பா மூஸாவின் கடை; எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். எல்லாக் கட்சிக் கரை வேட்டியும் அங்கே உண்டு. ஒரே அலமாரியில், சண்டை போடாமல், ஒன்றன்மேல் ஒன்றாக. ஆகவே இதில் யார் எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். (வியாபாரி வீட்டுப் பிள்ளை. வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லை.)

முதலில் இப்படித் தொடங்கினேன்:

தேர்தல் முடிவு வந்த அன்று காவிரியில் தண்ணீர் சலசலத்து—

நிறுத்திவிட்டேன். ஜூன் மாதத் தொடக்கம். ஆற்றில் மணல்தான் கிடந்தது. கதையின் அழகுக்காகத் தண்ணீர் திறந்துவிட நான் என்ன மேட்டூர் அணையா?

2

சரக்கைக் காட்டிவிடுகிறேன். அத்தாவின் சிநேகிதர் அமிர்தலிங்கம், திருப்பனந்தாள் பக்கத்து விவசாயி. இவருக்கு ஒரு கட்சி. அத்தாவுக்கு அதற்கு நேர் எதிர்க்கட்சி. ஒவ்வொரு நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இருவரும் பந்தயம் கட்டுவார்கள். எப்படி? அவரவர் தன் கட்சி தோற்கும் என்று.

தேர்ந்த கணக்கு அது. கட்சி ஜெயித்தால் அந்தச் சந்தோஷம். தோற்றால் பந்தயம் ஜெயித்த ஆறுதல். அத்தாவின் கட்சி ஜெயித்தால் அமிர்தலிங்கத்துக்கு, தோற்றுப்போன அவர் கட்சியின் கரை போட்ட வேட்டி போகும். அவர் கட்சி ஜெயித்தால் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை சீரகச் சம்பா வரும். "துக்கத்துலயாவது நல்ல பிரியாணி சாப்பிடு பாய்" என்று வாசலில் இறக்குவார்.

வாக்குச்சீட்டுகளை எண்ணிய காலத்தில் முழு முடிவு தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அத்தனை நாளும் அமிர்தலிங்கம் கடையிலேயே கிடப்பார். ரேடியோவுக்கு இந்தப் பக்கம் அத்தா, அந்தப் பக்கம் அவர். அவர் கட்சி முன்னிலை என்று செய்தி வந்தால், "போச்சுய்யா என் வேட்டி!" என்று தொடையில் அடித்துக்கொள்வார், சிரிப்பை அடக்க முடியாமல். கடையை ஒட்டிய வீட்டுக்குள்ளிருந்து அம்மா, "நாட்டை யாரு ஆண்டா என்ன, டீ போட்டே என் பால் தீந்துபோச்சு" என்பார்.

அந்தச் சிரிப்பை எழுத்தில் கொண்டுவர மூன்று முறை முயன்றேன். வரவில்லை. இருந்ததென்று நம்புங்கள்.

3

[இங்கே அமிர்தலிங்கத்தின் மகன் மதிவாணனை வில்லனாக்கப் பார்த்தேன். சிங்கப்பூரில் இருக்கிறான், வாட்ஸப்பில் அரசியல் அனுப்புகிறான். மலிவான சரக்கு. வேண்டாம். ஊருக்கு வரும்போதெல்லாம் அத்தாவுக்குக் கோடாலித் தைலம் வாங்கி வருகிறவன்.]

நடந்தது இவ்வளவுதான். போன தேர்தலில், ஓட்டு எண்ணுவதற்கு முதல் நாள், அமிர்தலிங்கம் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"பந்தயத்தைப் போட்டுருவமா?" என்றார் அத்தா.

"போடலாம் பாய். ஆனா இந்தத் தடவ எங்க கட்சி ஜெயிக்கும்னுதான் கட்டுவேன்."

"என்னய்யா புதுசா?"

"மதி சொல்றான், சொந்தக் கட்சிக்கு எதிரா கட்டுறது துரோகமாம்."

"துரோகமா? விளையாட்டுய்யா!"

"எனக்குத் தெரியுது பாய். வீட்டுல யாருக்கும் தெரியல."

அத்தா வேட்டியை மடித்தபடியே கேட்டார்: "அப்ப நானும் என் கட்சி மேலதான் கட்டணும். ஜெயிச்சவனுக்கே எல்லாம்னா, தோத்தவனுக்கு என்னய்யா மிச்சம்?"

அமிர்தலிங்கம் வெயிலில் இறங்கிப் போனார்.

('அவர் கண்கள் கலங்கியிருந்தன' என்று எழுதி அடித்துவிட்டேன். நான் பார்த்தது அவர் முதுகைத்தான்.)

4

மறுநாள் அத்தா தனியாக டிவி பார்த்தார். அமிர்தலிங்கத்தின் நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. [பொய். ஒருவர் உட்கார்ந்தார். நாலு வேட்டி வாங்குகிறவரை எழுப்பவா முடியும்?]

விசித்திரமான முடிவு வந்தது. ஆட்சி அமைக்கப் போகிறவர்கள், நினைத்த அளவு இடம் வரவில்லையென்று முகம் வாடினார்கள். ஆட்சி கிடைக்காதவர்கள், நினைக்காத அளவு வந்ததென்று வெடி போட்டார்கள். ஜெயித்தது யார் என்று கடைத்தெருவில் ஆளுக்கொரு தீர்ப்பு. பழைய நாளாக இருந்தால் இதை வைத்தே இருவரும் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள்.

முடிவு ஒன்று: அத்தா வேட்டியும் கையுமாகத் திருப்பனந்தாள் பஸ் ஏறுகிறார். எழுதிப் பார்த்தேன். சர்க்கரை தூக்கல்.

முடிவு இரண்டு: அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவேயில்லை. அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் ஒருவர்—

மாட்டேன். எழுதினால் பலித்துவிடும் என்பார் அம்மா.

5

அந்தி மஃரிப் தொழுகைக்குக் கடை சாத்தப் போகும்போது போன் அடித்தது. அத்தாவுக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், யாரு ஜெயிச்சா?"

"ஏன், உன் வீட்டுல டிவி இல்லியா?"

"இருக்கு. காலைலேர்ந்து அதுலதான் கிடக்கேன். மதியும் போன் பண்ணி அவன் கணக்க சொல்லிட்டான். நீ சொல்லு."

பேரம் தெரிந்தவர்கள் அறிவார்கள்: முதலில் விலை சொல்கிறவனுக்குத்தான் நஷ்டம். இந்தப் புதுப் பந்தயக் கணக்கில் 'நீதான்யா' என்றால் வேட்டி போகும். 'நான்தான்' என்றால் அரிசி வரும். கூடவே ஆளும் வருவாரா, தெரியாது. வேறு ஏதாவது சொல்லவும் வழி இருக்கலாம். இத்தனை வருஷத்தில் யாரிடமும் முதல் விலை சொல்லாத மனிதர், வாயைத் திறந்து மூடுகிறார். மறுமுனையில் மின்விசிறி ஓடும் சத்தம்.

அத்தா என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன். அமிர்தலிங்கம் இன்னும் போனை வைக்கவில்லை.