பன்னிரண்டு வாரம்

டிரைவர் வீட்டு நாய் பிரேக்குக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகி ஐந்தாம் நாள் காலையில் அவருடைய மாமனாரின் இடது கால் செருப்பைக் காணவில்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு அது. முன்பக்கம் நைந்துபோய்ப் பெருவிரல் வெளியே எட்டிப்பார்க்கும். திருட வந்தவன்கூட அதைத் தொடமாட்டான். மாமனார் வலது காலில் மட்டும் ஒன்றை மாட்டிக்கொண்டு, கைத்தடியை டொக் டொக்கென்று ஊன்றியபடி, இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள அந்த வீட்டை மூன்று சுற்று சுற்றினார். கடைசியில் சோபாவுக்குப் பின்னால் அது கிடைத்தது. கிடைத்தது என்றா சொன்னேன்? கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

அங்கே பிரேக் தனிக் குடித்தனமே வைத்திருந்தது. பழைய செய்தித்தாள்களைக் காலால் வாரிக் குவித்து, அதன்மேல் டிரைவரின் சீருடைச் சட்டை ஒன்றை இழுத்துப் போட்டு, நடுவில் சுருண்டு படுத்திருந்தது. புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்புக்குள்ளேயே செருப்பை வைத்துக்கொண்டு விடாமல் நக்கியது. மாமனார் ஒரு எட்டு கிட்டே போனதும் தொண்டைக்குள் உறுமியது. அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தம் அது.

பெயர்க் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனால் அது நினைத்த இடத்தில் சடாரென்று நின்றுவிடும், இழுத்தாலும் நகராது. இருபது வருஷமாக பிரேக் போடுகிற எனக்கே பிரேக் போடுகிறதே என்று அவர் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு ஓடிவிடும். அவர் உட்கார்ந்தால் அவர் பாதத்தில் தலையை வைத்துக்கொண்டுதான் தூங்கும். அப்படிப்பட்ட நாய் இப்போது அவரையும் சோபாவை நெருங்க விடவில்லை.

முதல் இரண்டு நாள் மயக்க மருந்தின் அசதியில் கிடந்தது. மூன்றாம் நாள் ஆரம்பித்தது அலைச்சல். கூடத்திலிருந்து படுக்கையறைக்கு, அங்கிருந்து சமையலறைக்கு, திரும்பக் கூடத்துக்கு. கூம்பு கதவிலும் நாற்காலியிலும் இடிக்கும். மூலையில் நின்று தரையைப் பறண்டும், மெல்ல முனகும், சாப்பாட்டுக் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போய்விடும். டிரைவரும் அதன் பின்னாலேயே அறை அறையாக நடந்தார். நாய்க்கும் இருப்புக் கொள்ளவில்லை, அவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. நாய்க்கு ஏன் என்று யாருக்கும் தெரியாது. தனக்கு ஏன் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். வயது, எடை, போட்ட ஊசிகள், எல்லாம் சரியாகத்தான் எழுதினார். நாலாவது கேள்வி: நாய் கடைசியாகப் பருவத்துக்கு வந்து எத்தனை வாரம் ஆகிறது? ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள், பன்னிரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும் என்று. ஏழு என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆபரேஷனுக்கென்று அந்த ஒரு நாள் லீவை வாங்கவே டெப்போவில் இரண்டு மாதம் நடையாய் நடந்திருந்தார். கை தானாக 12 என்று எழுதிவிட்டது.

கை தானாக எழுதும் என்றால் நம்பமாட்டீர்கள். டெப்போவில் ஒரு மாதம் இருந்து பாருங்கள், நம்புவீர்கள். ஆறு ஐம்பதுக்குக் கிளம்பவேண்டிய வண்டி ஆறு ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பினாலும் டிரிப் ஷீட்டில் ஆறு ஐம்பதுதான். உண்மையை எழுதினால் டைம் கீப்பர் கூப்பிடுவார், எட்டு நிமிஷம் எங்கே போனது என்று கேட்பார், அதற்கு ஒரு விளக்கம், விளக்கத்துக்கு மேல் ஒரு கையெழுத்து. யாருக்கு வேண்டும் இந்தத் தலைவலி? போகிற வழியில் வேகத்தைக் கூட்டி நேரத்தைப் பிடித்துவிடலாம். இருபது வருஷமாக நடந்த நேரத்தை அவர் எழுதியதே இல்லை, நடந்திருக்கவேண்டிய நேரத்தைத்தான் எழுதினார்.

அவர் மனைவி வேறு ரகம். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனால் வாடிக்கையாளருக்குத் தலை சுற்றும் என்பாள். மாமனார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது இரண்டரை மாதம் அவரோடு போய் இருந்துவிட்டு, ஆபரேஷனுக்கு ஐந்து வாரம் முன்புதான் அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாய்க்குப் பருவம் வந்து போனது அவள் இல்லாத சமயத்தில். நீ இல்லாதப்ப வந்துச்சு, நான் சமாளிச்சுட்டேன் என்று டிரைவர் சொல்லியிருந்தார். எப்போது என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செருப்பு விஷயம் தெரிந்ததும் அவள் டிரைவரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். எடுத்த உதவியாளர் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பருவம் முடிந்த கொஞ்ச நாளிலேயே ஆபரேஷன் செய்தால் சில நாய்களுக்குக் குட்டி போட்டுவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வந்துவிடும், கையில் கிடைத்ததைத் தூக்கி வைத்துக்கொண்டு காவல் காக்கும், பால்கூடச் சுரக்கும், இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே சரியாகிவிடும் என்றாள். பிறகு படிவத்தைப் புரட்டினாள். பன்னிரண்டு வாரம் என்று போட்டிருக்கிறதே, அப்படியென்றால் பெரும்பாலும் அதுவாக இருக்காது, வலியாக இருக்கலாம், சில நாய்கள் குணமே மாறிவிடுவதும் உண்டு, பத்தாம் நாள் தையல் பிரிக்க வரும்போது பார்ப்போம் என்றாள்.

மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு டிரைவரைப் பார்த்தாள்.

"பன்னிரண்டு வாரம்தானே?"

அவர் தலையை ஆட்டினார். எழுதியதைக்கூட கையின் பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இந்தத் தலையாட்டலுக்கு எந்தச் சப்பைக்கட்டும் கிடையாது. தெரிந்தே ஆட்டினார்.

ஏன் ஆட்டினார் என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. போன வருஷம் ஒரு கடையின் முகப்பில் பஸ்ஸை உரசிவிட்டதற்காக அவரைப் பதினாலு நாள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வீட்டில் மூச்சு விடவில்லை. தினமும் சீருடை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு, பூங்கா பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். கண்டக்டரின் மனைவி கண்ணாடி மாற்றப் போன இடத்தில் குட்டு உடைந்தது. அன்றைக்கு மனைவி கத்தவில்லை, அதுதான் அவரை இன்றுவரை உறுத்துகிறது. "இடிச்சதுக்கு எனக்குக் கோபமில்லை. பதினாலு நாள் டப்பா கட்டிக் கொடுத்தேன் பாருங்க, அதுக்குத்தான்," என்றாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க மணி என்னன்னு சொன்னாக்கூட நான் கடிகாரத்தைப் பார்த்துக்குவேன்."

எப்படியாவது இரண்டு வாரத்தை ஓட்டிவிட்டால் போதும், நாய் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம் என்று டிரைவர் கணக்குப் போட்டார். வழியில் நேரத்தைப் பிடிக்கிற அதே கணக்குதான். மாமனாருக்குப் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்தார். சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டு மறித்தார். வேலையிலிருந்து மூன்று தடவை போன் செய்து நாய் என்ன செய்கிறது என்று கேட்டார். அன்றைக்கு ஒரு நிறுத்தத்தில் நிற்காமலே போய்விட்டார். பயணிகள் கூச்சல் போட்ட பிறகுதான் உறைத்தது.

ஏழாம் நாள் சாயங்காலம் மாமனார் விழுந்தார். புதுச் செருப்பு வழுக்குகிறது என்று அவர் காலையிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழசையே எடுத்துக்கொள்ளலாம் என்று நாற்காலியை நகர்த்திவிட்டுக் குனிந்திருக்கிறார். பிரேக் சீறிப் பாய்ந்தது. பல் விரலில் லேசாகக் கீறியதோடு சரி, ஆனால் பதறிப் பின்வாங்கிய கிழவருக்குக் கால் வழுக்கிவிட்டது. நல்ல வேளை, சோபாவின் கை தாங்கிக்கொண்டது. டிரைவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அப்பாவின் இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரே எலும்பை நாலு தடவை தேடியது. அரை மில்லிமீட்டர் பிசகாத கை அது.

"அப்பா இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிக்க மாட்டார்," என்றாள். "இது நம்ம பிரேக் இல்லைங்க. ஆபரேஷன்ல என்னமோ ஆயிடுச்சு, குணமே மாறிடுச்சு. யார்கிட்டயாவது கொடுத்துடலாம்."

சொல்லிவிட்டு அழுதாள். நாயைத் தூக்கிக்கொண்டு வந்தவளே அவள்தான், மழையில் நனைந்த குட்டியாகக் கடை வாசலில் கிடந்ததை. அவளுடைய வாடிக்கையாளர் ஒருவர் டயர் கிடங்கு வைத்திருந்தார், காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார். கடிக்கிற நாய் என்றால் ரொம்ப நல்லது, பழகும்வரை சங்கிலியில் போட்டுவைப்பேன், தையல் பிரிப்பதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு வருவதாக ஏற்பாடு.

நடுவில் இருந்த அந்த ஒரு நாள் டிரைவருக்கு ஓடவே இல்லை. சாப்பிட உட்காருவார், எழுந்து போய் சோபாவுக்குப் பின்னால் பார்ப்பார். சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல்வரை போவார், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அன்று மட்டும் பதினோரு டம்ளர் தண்ணீர் குடித்தார். என்னங்க, வயிறு சரியில்லையா என்று மனைவி கேட்டாள். அதற்கும் தலையை ஆட்டினார்.

டயர்க்காரர் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டார். நல்ல மனுஷர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தார். கடிக்கும், ஜாக்கிரதை என்று எல்லாரும் சொன்னார்கள். சோபாவை நகர்த்தினார்கள். பிரேக் எழுந்து நின்றது. அதன் வயிற்றுக் காம்புகள் வீங்கியிருந்ததை டிரைவர் பார்த்தார். ஒன்றின் நுனியில் ஒரு சொட்டுப் பால் நின்றது.

அவர் பயந்தபடி அது கடிக்கவில்லை. நாலு பேர் சுற்றி நிற்பதைப் பார்த்தது, குனிந்து செருப்பைக் கவ்வியது, கயிற்றைப் போட விட்டது. கூம்பு இடிக்காமல் கதவைத் தாண்ட ஒன்பது நாளில் பழகிவிட்டிருந்தது. நைந்த கம்பளிச் செருப்பை வாயில் வைத்துக்கொண்டு, பத்திரமாக, மெதுவாக, டயர்க்காரரின் பின்னால் நடந்தது. வாசல்படியில் சடாரென்று நின்றது. டயர்க்காரர் இழுத்தார். நகரவில்லை. திரும்பி டிரைவரைப் பார்த்தது.

"ஏழு வாரம்," என்றார் டிரைவர்.

யாருக்கும் புரியவில்லை. டயர்க்காரர் கயிற்றைத் தளர்த்தினார்.

"ஆபரேஷனப்போ ஹீட் வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்துச்சு. நான்தான் பன்னிரண்டுன்னு எழுதினேன். திருப்பி அனுப்பிடுவாங்கன்னு எழுதினேன். நீ கேட்டப்பவும் தெரிஞ்சேதான் தலையாட்டினேன்." நாயைக் கைகாட்டினார். "அவளுக்குக் குணம் மாறலை. அந்தச் செருப்பைக் குட்டின்னு நெனச்சுட்டு இருக்கா. ரெண்டு வாரத்துல சரியாயிடுவா. எனக்கு முன்னாடியே தெரியும்."

மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார். கீறிய விரலில் பிளாஸ்திரியோடு, கைத்தடியில் சாய்ந்துகொண்டு, நாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் அது குட்டியைத்தான் பிடுங்கப் போனேனா?" என்றார். "நானா இருந்தாலும் கடிச்சிருப்பேன், மாப்பிள்ளை."

டயர்க்காரர் சங்கடத்தோடு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு, கண்ணாடி வாங்கக் கடைக்கு அப்புறமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிரேக் தன் இடத்துக்குத் திரும்பிப் போய், சட்டையைக் காலால் சரிசெய்து, செருப்பை வைத்துப் படுத்தது. மனைவி ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, போனைக் கணவரிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள். "எத்தனைன்னு."

அவர் சொன்னார். டாக்டரே பேசினார், கொஞ்சம் திட்டினார். பிறகு, மாத்திரை எழுதித் தருகிறேன், காம்பைத் தொடவேண்டாம், கூம்பைக் கழற்றவேண்டாம், பெரியவர் கிட்டே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செருப்பை இப்போதைக்குப் பிடுங்காதீர்கள், மெல்ல மெல்லத்தான் விடும் என்றார்.

மெல்ல மெல்லத்தான் விட்டது. சோபா அங்கேயே இருந்தது, மாமனாரின் அறை வாசலில் ஒரு சின்னத் தடுப்புக் கதவு வந்தது. வழுக்காத செருப்பாகப் பார்த்து மனைவியே வாங்கி வந்தாள். பால் வற்றியது, பசி திரும்பியது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பிரேக் செருப்பைக் கூடத்து நடுவில் போட்டுவிட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாலை ஆட்டிக்கொண்டு போனது. அன்று சாயங்காலம் டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வந்து அவர் பாதத்தில் தலையை வைத்தது. கூம்பு இல்லாத தலை, நல்ல கனம். அவர் அரை மணி நேரம் காலை அசைக்கவே இல்லை.

டெப்போவிலும் ஒன்று நடந்தது. ஆறு ஐம்பத்தெட்டுக்குக் கிளம்பிய வண்டியை டிரிப் ஷீட்டில் ஆறு ஐம்பத்தெட்டு என்றே எழுதினார். டைம் கீப்பர் கூப்பிட்டு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். டிரைவர் விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மனைவி சமைத்தாள், பேசினாள், சிரிக்கவும் சிரித்தாள். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றே அவர் நினைக்கத் தொடங்கியிருந்தார். ஒரு காலை அவர் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, மணி என்ன என்று சமையலறையிலிருந்து கேட்டாள். அவர் கைக்கடிகாரத்தை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அஞ்சு நாற்பத்திமூணு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். பிரேக் அவளைக் கண்டு வாலாட்டியது. அவள் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அதில் ஐந்து நாற்பத்திமூன்றுதான் ஆகியிருந்தது.