புகுந்த கரை

புதன்கிழமை மதியத்துக்கு மேல் அந்தப் பழைய விசைப்படகில் ஆள் ஏற்றக்கூடாது என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அதில் படகோட்டி மயில்சாமிக்கு வருத்தம் இருந்ததே தவிர மறுப்பு இல்லை. அடிப்பலகை ஊறிப்போய், ஓட்டுவதைவிடத் தண்ணீர் இறைப்பதே பெரிய வேலையாகிவிட்டது. மேட்டூரிலிருந்து வரப்போகும் புதுப் படகையும் அவர்தான் ஓட்டப்போகிறார். அவருடைய கவலை வேறு: இந்தக் கிழட்டுப் படகு இனி எந்தக் கரையில் கிடக்கும்?

தன் வீட்டுக்கு நேர் எதிரே, துறைமேட்டு வேப்பமரத்தடியில் இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டார். இத்தனை வருஷம் ஓட்டிய படகு கண்ணெதிரே கிடக்க வேண்டும். ஆனால் காவிரியின் எதிர்க்கரைக்காரர்களும் அதைக் கேட்டார்கள். அந்தக் கரைப் பெரியவர் வெங்கடாசலத்தின் பட்டறையில்தான் படகைச் செய்தது.

டீக்கடையில் இரு கரையும் கூடிப் பேசியது.

“எங்க மரம், எங்க ஆணி. எங்க கரைக்குத்தான் வரோணும் மயிலு,” என்றார் வெங்கடாசலம்.

மயில்சாமி டம்ளரைக் கீழே வைத்தார். “ஏனுங்ணா, பெத்தவங்க நீங்கதான். ஆரு இல்லைன்னாங்க? ஆனா எங்க கரைக்குக் கட்டிக் குடுத்தாச்சுல்ல. பொண்ணு கடைசி காலத்துல புகுந்த ஊட்டுல இருக்கோணுமா, பொறந்த ஊட்டுல இருக்கோணுமா?”

கடையே சிரித்தது. அந்த உற்சாகத்தில் அவர் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினார். “வந்த நாள்லேருந்து எங்க துறையிலதானுங்க படுக்குது. ஒரு ராத்திரி உங்க கரையில தங்கியிருக்குமா?”

மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவர் வெங்கடாசலம். “நாயந்தான் சாமி,” என்று எழுந்து போய்விட்டார்.

ஆடி பிறந்த அந்தப் புதன்கிழமை மதியம் மயில்சாமி கடைசி நடை ஓட்டி எதிர்க்கரையில் ஆட்களை இறக்கினார். அங்கே தோரணம் கட்டியிருந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். “வாங்க மாப்ள,” என்றார், நேற்றுவரை மயிலு என்றே கூப்பிட்ட வெங்கடாசலம். புதுத் துண்டு போர்த்தி, இலை போட்டு, நாட்டுக்கோழியும் ஒப்பிட்டுப் போளியும் பரிமாறினார்கள். மயில்சாமி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், படகின் முகப்பில் மஞ்சள் பூசி, பச்சைச் சேலை சுற்றியிருந்தது. கல்தூணோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியுமிருந்தது.

“என்னங்ணா இது?”

“தலை ஆடிங்க மாப்ள. கட்டிக் குடுத்த புள்ளைய மொத ஆடிக்குக் கூட்டியாந்து வெச்சிருக்கறதுதான மொறை? ஒரு ராத்திரிகூடத் தங்கலைன்னு நீங்கதான சொன்னீங்க. கூப்புடாம உட்டது எங்க தப்பு. இப்பச் சரி பண்றோம்.”

“இத்தன வருசம் கழிச்சுங்களா?”

“சீரு எப்பச் செஞ்சாலும் சீருதானுங்க.”

“ஆடி முடிஞ்சா உட்டுருவீங்களா?”

“ஆவணியில நல்ல நாள் பாத்து வந்து கூப்புடுங்க. உடம்பு தேறியிருந்தா அனுப்பறோம்.”

“அதுக்கு எங்கீங்க உடம்பு தேறும்? அடிப்பலகையே போயிருச்சு.”

“அப்பக் கொஞ்ச நாள் சேத்தியே இருக்கட்டும்.”

மயில்சாமி வாயைத் திறந்தார். ஒப்பிட்டு நெய் மணம்தான் வந்தது. மாப்பிள்ளை விருந்தைத் தின்றுவிட்டு அதே வாசலில் சண்டை போட்டவன் என்ற பேர் அந்தப் பக்கத்தில் மூன்று தலைமுறைக்கு நிற்கும். வாயை மூடிக்கொண்டு, பரிசல் ஒன்றில் ஏறித் திரும்பினார்.

துறையில் நின்றிருந்த அவர் மனைவி சௌந்திரம், பரிசலையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“படகு எங்கீங்க?”

“தலை ஆடிக்குப் போயிருக்குது.”

விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு, சௌந்திரம் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னையத் தலை ஆடிக்கு அனுப்பிட்டு மூணாம் நாளே வந்து நின்னு கூட்டியாந்தீங்க. இதைய மட்டும் ஏன் உட்டுட்டு வந்தீங்க?”

மயில்சாமி எதிர்க்கரையில் தெரிந்த பச்சைச் சேலையைப் பார்த்தபடி சொன்னார்:

“உங்கப்பன் உன்னையச் சங்கிலி போட்டுப் பூட்டலியே.”