அருளப்பனின் வெயில் ஆராய்ச்சி

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுத்துவந்த அருளப்பனை லயத்துக் குடியிருப்புச் சனங்கள் டாக்டரய்யா என்றே கூப்பிட்டார்கள். அதை அவரும் திருத்தவில்லை. சிறுமி பேச்சாயிக்கு லூபஸ் என்ற தோல் சிவக்கும் நோய் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லியனுப்பியதும், இந்த நோய் வந்த பிள்ளைகளை எப்படிப் பராமரிப்பது என்று தாமே ஆராய்ந்து உலகத்துக்குச் சொல்லிவிடத் தீர்மானித்தார்.

"வெயில் பட்டா மொகம் செவந்துரும். புள்ளைய மூடியே வச்சிரு" என்று தாய் முனியாயியிடம் கண்டிப்பாகச் சொன்னார். அவளும் கொழுந்துக்குப் போகும் கம்பளியை மகளின் தலையோடு போர்த்தித் தினமும் கூட்டிவந்தாள்.

மருந்தறையோ இருட்டு. சிவப்பைச் சரியாகப் பார்க்க வேண்டாமா? அருளப்பன் பிள்ளையை முற்றத்தில் நிறுத்தி, கம்பளியை விலக்கி, பூதக்கண்ணாடியோடு நெடுநேரம் ஆராய்வார். சிவப்பு கூடிக்கொண்டே போனது. பெரியாஸ்பத்திரி கொடுத்த மாத்திரையைக் குறை சொன்னார், முனியாயியைத் திட்டினார்.

பிறகு அவரே காய்ச்சலில் படுத்துவிட்டார். எழுந்து வந்து பார்த்தால் பேச்சாயியின் முகம் தெளிந்திருந்தது. தாம் இல்லாமல் எப்படித் தெளியலாம் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. நன்றாகப் பார்த்துவிடுவோமென்று கம்பளியை உருவிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் படுத்திருந்த நாளெல்லாம் பிள்ளையை வெயிலில் நிறுத்த ஆளில்லை.

கம்பளியைத் திரும்பப் போர்த்திவிட்டு, மருந்தறைக்குள் வந்து விளக்கை ஏற்றினார்.

"இன்னைக்கு வெளிய வச்சுப் பாக்கலீங்களா டாக்டரய்யா?" என்றாள் பேச்சாயி.

"வேணாம் புள்ள. வெளிச்சத்துல என் மூஞ்சியத்தான் காட்ட முடியாது."